பதினாறு வாசல் வீடு

வெள்ளிக்கிழமை, காலை 6.10. விருதுநகர்.

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். இறங்கும்போதே ஆனிக் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. என் கணவர் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் பெட்டியையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் காற்றுக்கு ஓட்டுக் கூரை நிற்குமா?" என்றார். ஊரில் கால் வைத்து ஒரு நிமிடம் ஆகவில்லை. சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நாங்கள் வீடு தேடி வந்திருந்தோம். கிராமத்துப் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, மிச்ச காலத்தை அங்கே இருந்து கழிப்பது என்று இரண்டு வருடம் முன்பு முடிவு செய்தோம். 'செய்தோம்' என்று மரியாதைக்காக எழுதுகிறேன். முடிவு செய்தது நான். ஒரு கட்டட அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படுக்கை அறையை ஒட்டி ஒரு குளியலறை. முழங்கால் வலி அவருக்கு.

ஏன் இந்த ஊர் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் முப்பத்தொரு வருடம் புவியியல் டீச்சர். "மழை குறைவு, கரிசல் மண், வறண்ட காற்று, ஆகவே தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்" என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஒரு முறைகூட இந்த மண்ணை மிதித்ததில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மலையடிவாரத்து வீடுகளை எல்லாம் எங்களைவிட அதிகச் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் வாங்கித் தீர்த்துவிட்டார்கள் என்பது இன்னொரு காரணம்.

இதுவரை பார்த்தவை பதினொரு வீடுகள். இது கடைசிப் பயணம். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் இந்தப் பக்கம் யாரும் வீட்டுப் பேச்சே எடுக்கமாட்டார்கள். ஆனி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. இந்த மூன்று நாளில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்காவிட்டால், அவருடைய தம்பி பார்த்து வைத்திருக்கும் பன்னிரண்டாவது மாடிக்குப் போவதாக ஒப்பந்தம்.

காலை 8.40. காரியாபட்டிப் பக்கம்.

வாடகைக் கார் ஓட்டிவந்தவர் பெயர் முத்துராஜ். நாற்பது வயது இருக்கும். ஒரு நாளைக்கு 2,500 ரூபாய், டீசல் உட்பட. "சாப்பிட்டீகளா அண்ணாச்சி? சாப்பிடாம வீடு பார்த்தா எல்லா வீடும் பிடிச்ச மாதிரியே இருக்கும்" என்று சொல்லி ஒரு கடையில் நிறுத்தினார். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி 55 ரூபாய். சட்னியில் காரம் கண்ணில் தெரிந்தது.

விருதுநகரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். புகைப்படத்தில் பார்த்தபோது தேக்குத் தூணும் சித்திர வேலைக் கதவுமாக இருந்த வீடு, நேரில் போனால் பல் போன வாயாக நின்றது. கதவு, ஜன்னல், தூண் எதுவும் இல்லை.

"கதவெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

"அது போன வாரமே காரைக்குடி பழைய சாமான் கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்றார் விற்பவர், கொஞ்சமும் கூச்சம் இல்லாமல். "நீங்க வீடுன்னுதானே கேட்டீக. வீடு இருக்கு."

மாலை 4.15. தாயில்பட்டி.

சிவகாசியைத் தாண்டி வரும் வழியெல்லாம் சுவர் சுவராகப் பட்டாசு விளம்பரம். தாயில்பட்டியில் பார்த்த வீடு நன்றாகவே இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர், என்ன ஆட்கள் என்பதல்ல. என் கணவரை மேலும் கீழும் பார்த்து, "பீடி, சிகரெட்டு உண்டா?" என்றார். விட்டு எட்டு வருடம் ஆகிறது என்று இவர் சொன்னார். "விட்டவுக திரும்பவும் பிடிப்பாக" என்று அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எட்டு வருடமாக நான் சொல்லிவரும் அதே வசனம்.

அந்த வீடு மூன்று அண்ணன் தம்பிகள் பெயரில் இருந்தது. மூவரும் பேசிக்கொள்வதில்லை. முத்துராஜ் காதோடு சொன்னார்: "அக்கா, இது இந்த ஆனியில முடியாது. எந்த ஆனியிலயும் முடியாது." சாத்தூர் போய் விடுதியில் அறை எடுத்தோம். 1,100 ரூபாய். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவர் பன்னிரண்டாவது மாடியில் லிப்ட் உண்டு என்பதை இரண்டு முறை நினைவுபடுத்தினார்.

சனிக்கிழமை, காலை 8.30. சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை.

காரில் ஏறியதும் முத்துராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இன்னொரு வீடு இருக்குக்கா. நேத்தே சொல்லலாம்னு பார்த்தேன். வீடு பார்க்க வர்றவுக எல்லாரும் பாதியிலயே திரும்பிருதாக. அதான் சொல்லலை. எங்க ஊருதான். குருசாமி மாமா வீடு."

"என்ன, பேய் இருக்கிறதா?"

"பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. வாசல்தான் சாஸ்தி."

பதினாறு, பதினேழு கிலோமீட்டர் இருக்கும். எதிரும் புதிருமாகக் கம்பெனி வேன்கள், உள்ளே பூ வைத்த பெண்களின் தலைகள். இங்கே பட்டாசு ஆலையைக் கம்பெனி என்றுதான் சொல்கிறார்கள். சாலையோரக் கம்பி வேலிக்கு அப்பால், காய்ந்த நிலத்தில், வேப்ப மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளை அறைகள் தனித்தனியாக நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி. ஒவ்வொன்றின் சுவரிலும் ஓர் எண்.

"ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது?" என்றேன். படம் போட்டு இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"ஒண்ணுல தீப் பிடிச்சா மத்தது தப்பிக்கணும்லக்கா. ஒரு ரூம்ல நாலு பேருதான் உக்காரணும். சுத்திலும் வாசல். கதவு வெளிப்பக்கமா திறக்கும். ஓடுறவன் கதவை உள்ள இழுத்துக்கிட்டு நிக்கக்கூடாது, பாருங்க. எங்கம்மா இருபது வருசம் அப்படி ஒரு ரூம்லதான் திரி சுத்துச்சு. குருசாமி மாமாதான் போர்மேன். வேலைக்கு வந்த யாரையும் வாசல்ல ஒரு சாக்குகூட வைக்க விடமாட்டாரு."

காலை 9.05. ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்பாக, சாலையிலிருந்து இறங்கிய மண் பாதையின் முடிவில் கார் நின்றது. முதலில் நான் இன்னொரு கம்பெனிக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்தேன். நாற்பது சென்ட் நிலம். நடுவில் பெரிய வேம்பு. சதுரத்தின் நான்கு மூலையிலும் நான்கு தனி அறைகள், ஓடு வேய்ந்தவை, பத்துக்குப் பத்து அடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் முப்பது அடி இடைவெளி. ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கமும் வாசல். சுவரில் நீலப் பெயிண்டில் 1, 2, 3, 4.

"இதுதான் வீடு" என்றார் முத்துராஜ். சொல்லிவிட்டு வாசல் கேட்டில் இருந்த மரப்பெட்டியில் தன் செல்போனைப் போட்டார். கேட்டால், பழக்கமாம். அந்தப் பெட்டியில் முன்பெல்லாம் விருந்தாளிகள் தீப்பெட்டியைப் போட்டுவிட்டு வருவார்களாம்.

குருசாமிக்கு எழுபது வயது. வெள்ளைப் பருத்திச் சட்டை, வெறும் கால். "வாங்க, வாங்க" என்று ஓடிவந்து என் கணவரின் சட்டைத் துணியை விரலால் தொட்டுப் பார்த்து, பருத்திதான், தீப்பொறி எழாத துணிதான் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் ஒன்றாம் நம்பரிலிருந்து, அதாவது சமையலறையிலிருந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வரும்போது இரண்டு இடத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நம்பர், வருகிறவர்கள் உட்கார. மூன்று, படுக்கை. நாலு, அரிசி பருப்பும் சாமி படமும். குளியலறைக்கு நம்பர் கிடையாது. அது வேலியோரம் தனியே நின்றது. என் கணவர் அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

குருசாமி ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். எல்லாம் வெளிப்பக்கமாகத் திறந்தன, கொக்கி போட்டதும் காற்றிலும் அசையவில்லை. "என்னைக்காவது ராத்திரி கண்ணைக் கட்டி விட்டாலும் நாலு எட்டுல வெளிய வந்துருவீக" என்றார் பெருமையாக. வாசலுக்கு வாசல் மணல் நிரப்பிய சிவப்பு வாளி. ஒரு வாளியில் கற்றாழை நட்டிருந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. "நான் பிடுங்கிப் போடப் போட இவ நட்டு வைக்கா" என்றார்.

"எதற்கு இத்தனை வாசல் வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

குருசாமி அந்த வாளியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "இருபத்திரண்டு வயசுல வேற ஒரு கம்பெனியில இருந்தேன். பேரு எதுக்கு, இப்ப அது இல்லை. ஒரு ரூம்ல ஒரு வாசல் பக்கம் அட்டைப்பெட்டியை அடுக்கிட்டாக. ஒரே ஒரு நாளைக்குத்தான். அன்னைக்கு அந்த வாசல் இருந்திருந்தா, ரெண்டு பேரு இன்னைக்குப் பேரன் பேத்தி எடுத்திருப்பாக. அதுக்குப் பெறகு ஒத்தை வாசல் ரூம்ல எனக்குத் தூக்கம் கிடையாது. மகன் சிவகாசியில பிரஸ்ல இருக்கான். அவன் வீட்டுக்குத்தான் போறோம். மாடி வீடு, ஒத்தை வாசல். நான் மொட்டை மாடியில படுத்துக்குவேன்."

எனக்கு மனசு என்னவோ செய்தது. வேம்பில் காற்று, பதினாறு வாசலிலும் வெளிச்சம், எந்த அறைக்குள் நின்றாலும் நாலு திசையிலும் கரிசல் காடு. பதின்மூன்று வீடு பார்த்தபோது வராத ஆசை அப்போது வந்தது. குருசாமி வெள்ளரிக்காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி நீட்டினார். அதைக் கையில் வாங்கிய கையோடு வாயைக் கொடுத்தேன்.

"ஐயா, இந்த வீட்டை எங்களுக்கே கொடுங்கள். இதில் ஒரு செங்கல்லைக்கூட நான் மாற்றமாட்டேன். இந்த நாலு அறையும் நீங்கள் வைத்தபடி அப்படியே இருக்கும். சத்தியம்."

குருசாமியின் கண் கலங்கிவிட்டது. "டீச்சரம்மா, இந்த வார்த்தையைச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார். விலை பதினொன்றரை லட்சம் என்றார், நான் பேரம்கூடப் பேசவில்லை. பேச்சியம்மாள் மட்டும் எழுந்து ஒன்றாம் நம்பருக்குப் போனார். திரும்பி வந்தபோது, "யோசிச்சுச் சொல்றோம்" என்று ஒரே ஒரு வார்த்தை.

சனிக்கிழமை, மாலை 6.30. சாத்தூர்.

கடைத்தெருவில் கால் கிலோ காராச்சேவு வாங்கினோம், 90 ரூபாய். நான் தரையில் நடக்கவே இல்லை. திரைச்சீலை என்ன நிறம் என்பதுவரை போய்விட்டேன். பதினாறு வாசலுக்குத் திரை. என் கணவர் நோட்டுப் புத்தகத்தில் எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று மூடிவிட்டார்.

அப்போது முத்துராஜ் விடுதிக்கே வந்தார். முகம் சரியில்லை. "அக்கா, வீடு இல்லையாம்."

"விலை ஏற்றுகிறார்களா?"

"விலை இல்லைக்கா. பத்திரம் அத்தை பேர்ல இருக்கு. அந்த டீச்சருக்குக் கொடுக்கமாட்டேன்னு அத்தை ஒத்தைக் கால்ல நிக்கி. மாமாகூட ரெண்டு மணி நேரமா சண்டை."

எனக்கு வந்ததே கோபம். நான் என்ன குற்றம் செய்தேன்? வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாஸ்து சரியில்லை, திருடனுக்கு நாலு வழி, ஏ.சி. நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒருத்திதான் இருப்பதை இருக்கிறபடி மதித்தேன். அந்த அம்மாளுக்கு அது பிடிக்கவில்லையா? "நாளைக் காலையில் ஆறரை மணிக்குக் காரைக் கொண்டுவாருங்கள். காரணத்தைக் கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவேன்" என்றேன். என் கணவர் எப்போதும் போல மிக்சரில் கடலையைத் தேடுவது மாதிரி காராச்சேவில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.00. மீண்டும் ஏழாயிரம்பண்ணை.

காற்று இன்னும் எழவில்லை. பேச்சியம்மாள் சமையலறை வாசலில் நின்றார். நான் வந்த வேகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"கேக்கத்தானே வந்தீக? கேளுங்க."

"நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? ஒரு செங்கல்லைக்கூட மாற்றமாட்டேன் என்றுதானே சொன்னேன்?"

"அதான் தப்பு" என்றார்.

உள்ளே போய் ஒரு டம்ளர் காபியை என் கையில் கொடுத்தார். "இதை மூணாம் நம்பருக்குக் கொண்டுபோங்க, மதினி. இவுக அங்கனதான் இருக்காக. சிந்தாமக் கொண்டுபோகணும்."

நடந்தேன். மூலைக்கு மூலை இருபது எட்டு. நடுவில் வேம்பின் வேர் தட்டியது. கொண்டுபோய்க் கொடுத்தபோது கால் டம்ளர் என் கைமேல் சிந்தியிருந்தது. குருசாமி வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். அவருக்கு ஊதிக் குடிக்கும் வழக்கமே இல்லை என்பதை அப்போது கவனித்தேன்.

என் பின்னாலேயே வந்த பேச்சியம்மாள் வேம்பில் சாய்ந்து நின்றார். "முப்பத்தாறு வருசம். மூணு வேளை. மழைன்னா தலையில சாக்கு. ஆனி, ஆடின்னா தோசைக்கு மேல தட்டு, தட்டுக்கு மேல கல்லு. நான் அடுப்படியில இருந்து பேசினா இவுகளுக்குக் கேக்காது, இவுக பேசினா எனக்குக் கேக்காது. ஊருக்குள்ள நாங்க சண்டைக்காரக குடும்பம்னு பேரு. சண்டை இல்லை மதினி, கத்தினாத்தான் கேக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல்னா அங்கன ஓடுவேன், உலை பொங்குச்சுன்னா இங்கன ஓடுவேன். இவுக பயம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் வாயைத் திறக்காம நடந்தேன்."

குருசாமி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"இப்ப முடியலை. அதான் விக்கச் சொன்னேன். குடோன் கட்டக் கேட்டு வந்தாக, கொடுக்கலை. யாராவது ஒரு குடும்பம் வாங்கி, இந்த நாலையும் சேத்து ஒரு கூரை போட்டு, இதை ஒரு வீடா ஆக்கணும். என்னைக்காவது பஸ் ஏறி வந்து அதைப் பார்க்கணும். அம்புட்டுத்தான் எனக்கு ஆசை. நீங்க என்னன்னா, இதையும் பார்த்து ரசிக்கீக!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்கு வாய் மட்டும்தான், எனக்குச் சத்தியம் செய்யக் கையும் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு மணி நேரம் பார்த்த நான் வெளிச்சத்தைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன், வாசலை எண்ணினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்று வந்த பெண்ணையும் பார்த்தேன்தான். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் என் கணவர் தொண்டையைச் செருமினார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். அவர் நேற்று மாலை போட்டுக்கொண்டிருந்த கோடு அதுதான். நான்கு மூலையில் நான்கு அறை அப்படியே. நடுவில் ஒரு பெரிய கூடம், நான்கையும் சேர்த்து ஓட்டுக் கூரை. வேம்பைச் சுற்றி மட்டும் வானம் தெரியும் முற்றம். மூன்றாம் நம்பரை ஒட்டி, அடிக்கோடு போட்டு, ஒரு குளியலறை.

"நேற்றே காட்டுவதற்கென்ன?" என்று பாய்ந்தேன்.

"நீதான் சத்தியம் பண்ணிவிட்டாயே" என்றார்.

பேச்சியம்மாள் நோட்டைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கோடு எனக்கு வெளங்கலையே, அண்ணாச்சி." இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலாம் நம்பர் ஓரத்தில் வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்புப் பொடி ஒரு சட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து, குனிந்து தரையிலேயே வீட்டை வரைய ஆரம்பித்தார். அளவு நாடாவின் ஒரு முனையை முத்துராஜ் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். அரை மணி நேரத்தில் வெள்ளைக் கோட்டில் ஒரு முழு வீடு எழுந்தது. கோடு இருந்தால் சுவர், கோடு விட்டால் வாசல்.

குருசாமி கோட்டுக்கு வெளியே நின்று கையைக் கட்டிக்கொண்டார். "நாலையும் சேத்தா நாலும் ஒண்ணாப் பிடிக்கும்" என்றார் மெதுவாக. அவருக்கு அது வாதம் இல்லை, நிஜமான பயம்.

"இங்க பட்டாசு மருந்தா கலக்கப்போறாக?" என்றார் பேச்சியம்மாள். "ரசம்தான் வைக்கப்போறாக."

என் கணவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனார். "போர்மேன் நீங்கள்தானே. கூடத்துக்கு எத்தனை வாசல், எங்கெங்கே என்று நீங்கள் சொல்லுங்கள். நான் விடுகிறேன்."

குருசாமி கோட்டைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. வேம்புக்கு நேராக நின்று மேலே பார்த்தார். "இங்கன கூரை கிடையாதா?"

"கிடையாது. வானம்."

"அப்ப புகை மேல போயிரும்." இன்னும் ஒரு சுற்று நடந்தார். "எட்டு வாசல். வெளிப்பக்கம் திறக்கணும். வாசல்ல செருப்புகூட விடக்கூடாது." எட்டு இடத்தில் அவரே காலால் கோட்டை அழித்தார். அழித்து முடித்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன்னை அறியாமல் கோட்டைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தார்.

"அங்கன எங்க வாரீக, சுவத்துக்குள்ள?" என்று பேச்சியம்மாள் ஒரு அதட்டல் போட்டார். "வாசல்தான் எட்டு வச்சிருக்கீகல்ல. சுத்தி வாங்க."

அந்த மனிதர் அப்படியே நின்றார். பிறகு வந்த வழியே திரும்பிப் போய், வாசல் விட்ட இடத்தைத் தேடி, அது வழியாக உள்ளே வந்தார். முத்துராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

காலை 10.30.

முன்பணம் ஐம்பதாயிரம். பத்திரம் ஆவணியில். பேச்சியம்மாள் வெற்றிலையோடு வாங்கிக்கொண்டார். போட்ட ஒரே நிபந்தனை: மேஸ்திரி வரும்வரை அந்தச் சுண்ணாம்புக் கோட்டை யாரும் மிதித்து அழிக்கக்கூடாது. சமையலறையிலிருந்து சுண்ணாம்புக் கூடத்தின் நடுவழியாகவே காபி வந்தது. தூரம் என்னவோ அதே இருபது எட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை. ரயிலில்.

வெளியே வேலிக்கு அப்பால் வெள்ளை அறைகள் ஓடின. கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட 'ஆகவே' என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன். மழை குறைவு, ஆகவே பட்டாசு. அந்த 'ஆகவே'க்கு உள்ளே ஒருத்தி முப்பத்தாறு வருடம் தோசையைத் தட்டால் மூடிக்கொண்டு நடந்தாள் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. சொல்லிக் கொடுத்த பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. என் கணவர் நோட்டைத் திறந்து குளியலறையை இன்னும் ஓர் அடி பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

சென்னை வீட்டில் எங்களுக்கு ஒரே வாசல். மூன்று தாழ்ப்பாள், ஒரு சங்கிலி, அதற்கு மேல் ஒரு பூட்டு. மறுநாள் காலை சாவி போட்டுத் திறக்கும்போதுதான் பார்த்தேன், கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. இருபத்தாறு வருடமாக அப்படித்தான் திறக்கிறது. அதற்கு முன்னால் மூன்று ஜோடிச் செருப்பும் பழைய பேப்பர் கட்டும் கிடந்தன. இவர் குனிந்து பேப்பர் கட்டை நகர்த்தி வைத்தார்.

ஆடி பிறந்து நாலாம் நாள் முத்துராஜ் போன் செய்தார். ஆடிக் காற்று கோட்டை ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். எனக்குச் சுருக்கென்றது.

"கவலைப்படாதீகக்கா. அத்தை சுண்ணாம்பைக் கரைச்சு, திரும்ப வரைஞ்சிட்டாக. அண்ணாச்சி போட்ட அதே அளவு. ஆனா ஒரு ரூம் கூடுதலா இருக்கு, வேம்புக்கு அந்தப் பக்கம். யாருக்குன்னு கேட்டேன். பொங்கலுக்கு நானும் இவுகளும் வந்தா ரெண்டு நாள் தங்க வேண்டாமான்னு கேக்காக."

"தாராளமாக. எத்தனை வாசல் வைத்திருக்கிறார்கள்?"

"அத்தை ஒண்ணுதான் வச்சாக" என்றார் முத்துராஜ். "மாமா பின்னாலயே போய், சுண்ணாம்பு காயறதுக்குள்ள, காலால அழிச்சு இன்னும் மூணு வச்சிட்டாரு."